சுரப்பி எழுப்பும் அதிகாரசபை

என் கழுத்தில் தைரொயிட் சுரப்பி கிடையாது. அதில் கட்டி வளர்ந்து, விட்டால் ஆளையே கொண்டுபோய்விடும் என்று பெரியாஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் ஒரு கோடு மிச்சம். தாலிக்கயிறு அதை மறைத்துக்கொள்ளும்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இந்த ஒரு விஷயத்தை ஓர் அதிகாரசபைக்குப் புரியவைக்க நான் பட்ட பாடுதான் இந்தக் கதை. உங்களுக்கு ஒரு வரியில் புரிந்துவிட்டது. நீங்கள் அங்கே வேலை செய்யவில்லை, அதுதான் காரணம்.

சுரப்பி இல்லாதவளுக்கு உயிர் குளிசையில் இருக்கிறது. சின்ன வெள்ளைக் குளிசை. விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணித்தியாலத்துக்கு டீ, பால், பாண் எதுவும் ஆகாது. வாயில் வைத்தால் குளிசை உடம்பில் சேராது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அந்த அரை மணித்தியாலத்தை வைத்தே எங்கள் ஆட்களை நான் கண்டுபிடித்துவிடுவேன். கல்யாண வீட்டில் காலையில் டீத் தட்டு வரும், எல்லாரும் எடுப்பார்கள், ஒரு பொம்பளை மட்டும் "கொஞ்சம் பொறுத்து எடுக்குறேங்க" என்று சொல்லிவிட்டு மணிக்கூட்டைப் பார்ப்பாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "எத்தனை வருஷமா போடுறீங்க?" என்று கேட்பேன். என்ன போடுறேன் என்று அவள் திருப்பிக் கேட்க மாட்டாள்.

கட்டுகஸ்தோட்டையில் அஸ்ஃபர் நானாவின் லோண்டரியில் நான் துணி அயன் பண்ணுகிறேன். ஹோட்டல் விரிப்புகள், மாப்பிள்ளைச் சேர்ட்டுகள், பள்ளிக்கூட வெள்ளை உடுப்புகள். அந்த வெக்கையில் எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டும். குளிசை ஒழுங்காகக் கிடைத்தவரை எனக்கும் கொட்டியது.

ஒரு நாள் அரசாங்க டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் ஜஹானா கையை விரித்தாள்.

"மருந்து வரல்ல அக்கா. இனி வராதாம்."

"இனின்னா எப்ப வரைக்கும்?"

"எப்பவுமே. வெளிநாட்டுக் குளிசைக்கு டொலர் போகுதாம். இனி அவங்கவங்க ஒடம்புலயே செஞ்சுக்கணுமாம்."

அவள் சுவரைக் காட்டினாள். புது விளம்பரம் ஒட்டியிருந்தது. சிரிக்கிற பெண் ஒருத்தியின் கழுத்தில் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. கீழே, 'நமது ஹோர்மோன் நமது கழுத்திலே! தேசிய சுரப்பித் தன்னிறைவு அதிகாரசபை.'

"எனக்குச் சுரப்பியே இல்லையே ஜஹானா."

"எனக்குத் தெரியும் அக்கா, ஒங்கட கிளினிக் கார்டுல போட்டிருக்கு. சுரப்பி இல்லாத ஆக்களுக்குன்னு கொஞ்சம் குளிசை வெச்சிருக்கு. ஆனா இல்லைன்னு அந்த அதிகாரசபைதான் எழுதித் தரணும். போய்க் கேளுங்க, ஒரு நாள் வேலை."

ஜஹானா கெட்டிக்காரி. அந்த ஒரு நாள் என்பதில் மட்டும்தான் அவளுக்குக் கணக்குப் பிசகியது.

அதிகாரசபை கண்டியில் வாவியைப் பார்த்த மேட்டில் இருந்தது. வாசலில் புது ஜீப்புகள் வரிசையாக நின்றன, உள்ளே சுழலும் தோல் கதிரைகள், ஏசி. குளிசைக்குப் போக வேண்டிய டொலர் எங்கே போயிருக்கிறது என்று வாசலிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இணைப்பாளர் வீரசிங்கம் என்பவரிடம் அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்து மனுஷர், வெள்ளைச் சேர்ட், மரியாதையான பேச்சு. மரியாதைக்குக் குறை சொல்ல முடியாது.

"வாங்கோ, இருங்கோ. உங்கட சுரப்பி எந்த வகை? எங்களிட்ட மூண்டு வகை இருக்கு. உறங்கும் சுரப்பி, சோம்பல் சுரப்பி, அந்நியச் சுரப்பி."

"அந்நியச் சுரப்பின்னா என்னாங்க சேர்?"

"கனகாலம் வெளிநாட்டுக் குளிசை திண்டு பழகினது. அதுக்கு நாட்டுப்பற்றுக் குறைவு. திருத்திறது கஷ்டம்."

"எனக்கு ஒரு வகையும் இல்லீங்க சேர். வெட்டி எடுத்துட்டாங்க."

கிளினிக் கார்டை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அகற்றப்பட்டது எண்டு போட்டிருக்கு."

"ஆமாங்க."

"எங்கயிருந்து எண்டு இருக்கு. எங்க போனது எண்டு இல்லையே."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார்.

"அம்மா, நான் கனகாலமா அரசாங்க சேவையில இருக்கிறன். அரசாங்கத்தில ஒண்டும் இல்லாமல் போறதில்லை. ஒரு இடத்தில இருந்து அகற்றினால் இன்னொரு இடத்தில இருக்கும். உங்கட சுரப்பி இப்ப எங்க இருக்கு?"

"வீசியிருப்பாங்க சேர்."

"அப்ப வீசினதுக்கு அத்தாட்சி வேணும். இல்லாட்டிச் சுரப்பியைக் கொண்டு வாங்கோ. நேரில பாத்தால் இல்லை எண்டு உடன எழுதித் தருவன்."

"இருக்கிறதப் பாத்துட்டு இல்லைன்னு எழுதுவீங்களா?"

"உங்கட கையில இருந்தால் கழுத்தில இல்லை எண்டுதானே அர்த்தம்?"

நான் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். அதில் பிழை பிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெட்கத்தை விட்டு ஆஸ்பத்திரிக்கும் போய்க் கேட்டேன். அங்கிருந்த அட்டெண்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பித்தப்பைக் கல்லைக் கேட்டு வருவாங்க, போத்தல்ல போட்டுக் குடுப்போம். இதக் கேட்டு வந்த மொத ஆள் நீங்கதாம்மா. அதெல்லாம் அன்னைக்கே எரிச்சிருப்பாங்க" என்றார். எரித்ததற்கு ஒரு கடிதம் கேட்டேன். அப்படி ஒரு கடிதம் கொடுக்கிற வழக்கம் உலகத்தில் எங்கேயும் இல்லை என்றார்.

திரும்பி வந்ததும் வீரசிங்கம் உண்மையாகவே வருத்தப்பட்டார். "சரி, என்ன செய்யிறது. சுரப்பி கிடைக்கும்வரைக்கும் உங்களை உறங்கும் சுரப்பி எண்டு பதியிறன். உறங்கிறதுக்கும் இல்லாததுக்கும் வெளியில பெரிய வித்தியாசம் தெரியாது."

"பதிஞ்சா குளிசை கெடைக்குங்களா?"

"எழுப்புதல் வகுப்புக்கு வாங்கோ. சுரப்பி எழும்பினால் குளிசை தேவையில்லை."

"எழும்பலைன்னா?"

"எழும்பும்வரைக்கும் வாங்கோ."

வகுப்பு மகாவலிக் கரையில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, விடிகாலையில். தெல்தெனிய, புசல்லாவை என்று எங்கெங்கிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து ஆட்கள் வந்தார்கள். எல்லாருக்கும் கழுத்தில்தான் வருத்தம். முதலில் கொடியேற்றம். பிறகு குத்துவிளக்கு. ஆற்றங்காற்றுக்கு விளக்கு நிற்காது, அது எரிந்தால்தான் வகுப்புத் தொடங்கும், அதனால் பாதி நேரம் நெருப்புப் பெட்டியோடு போகும். பிறகு கழுத்தில் தேங்காயெண்ணெய் தேய்த்து, வானத்தைப் பார்த்து, நாக்கை நீட்டி, வண்டு மாதிரி ரீங்காரம் போட வேண்டும். ஒருவர் கண்டி மேளத்தைக் கொண்டுவந்து ஒவ்வொருவரின் கழுத்துக்குப் பக்கத்திலும் அடித்துக்கொண்டு போவார். கடைசியில் போதனாசிரியர் ஒலிவாங்கியில் எங்கள் கழுத்துகளைப் பார்த்து, "நெகிட்டின்ன! நெகிட்டின்ன!" என்று கத்துவார். எழுந்திரு என்பதற்குச் சிங்களம்.

என் பக்கத்தில் உட்காருகிறவள் அன்னலட்சுமி. புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுக்குச் சுரப்பி இருந்தது, ஆனால் அடியோடு நின்றுவிட்டது. பேச்சில் மட்டும் அவளுக்கு ஒன்றும் நிற்கவில்லை.

"அக்கா, என் சுரப்பி தோட்டத்துச் சுரப்பி. பேர் இருக்கு, வேலைக்குப் போகல" என்றாள் முதல் நாளே. பிறகு கையைத் தூக்கி, அன்று மேற்பார்வைக்கு வந்திருந்த வீரசிங்கத்தைக் கேட்டாள். "சேர், இவரு சிங்களத்துல எழுப்புறாரு. எங்களுது தமிழ் சுரப்பி. அதுக்கு எப்படிங்க வெளங்கும்?"

எல்லாரும் சிரித்தார்கள். வீரசிங்கம் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

"நியாயமான கேள்வி. தமிழ்மொழிமூலப் போதனாசிரியர் பதவி வெற்றிடமா இருக்கு, விண்ணப்பம் கோரியிருக்கு. அதுவரைக்கும் அவர் சொல்லுறதை நீங்கள் ஒவ்வொருத்தரும் உங்கட சுரப்பிக்கு மெதுவா மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ."

அன்றிலிருந்து "நெகிட்டின்ன" என்று அவர் கத்துவார், நாங்கள் குனிந்து எங்கள் நெஞ்சைப் பார்த்து "எந்திரி, எந்திரி" என்று முணுமுணுப்போம். நானும் செய்தேன். செய்யாவிட்டால் வராதவள் என்று பதிவார்கள், பதிந்தால் முதலிலிருந்து வர வேண்டும். இல்லாத ஒன்றை நான் விடியக்காலையில் எழுப்பிக்கொண்டிருந்தேன். தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் நடிக்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். ஆளே இல்லாத வீட்டில் கதவைத் தட்டுவதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

வீட்டில் மிச்சமிருந்த குளிசைகள் முடிந்தன. அதன் பிறகு உடம்பு ஒவ்வொன்றாகக் கைவிட்டது. முதலில் குளிர். கொதிக்கிற அயன் பெட்டிக்கு முன்னால் நான் சுவெட்டர் போட்டுக்கொண்டு நின்றேன். அப்புறம் முகம் ஊதியது, குரல் கம்மியது, சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஒரு நாள் கல்யாணத்துக்குப் போக வேண்டிய மாப்பிள்ளைச் சேர்ட்டில் பெட்டியை வைத்தபடியே நின்றுவிட்டேன். கருகிற மணம் எல்லாருக்கும் அடித்தது, எனக்குத்தான் கடைசியாக அடித்தது.

அஸ்ஃபர் நானா ஓடிவந்து பெட்டியைத் தூக்கினார். ஏசுவார் என்று நினைத்தேன்.

"கலாராணி, என்ன புள்ள இது? கூப்பிட்டாக் கூடத் திரும்பிப் பாக்கிறா இல்லையே நீ."

"குளிசை இல்ல நானா."

"ஒன்ன நிப்பாட்ட மாட்டேன். ஆனா இனிப் பொட்டிய ஒன் கையில தாறதுக்குப் பயமா இரிக்கி. கொஞ்ச நாளைக்கு மடிச்சிக்கிட்டு மட்டும் இரி."

இத்தனை வருஷமாகச் சுருக்கமில்லாமல் அயன் பண்ணியவள் மூக்குத் துடைக்கிற கைலேஞ்சி மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு எனக்கு அழுகைகூட மெதுவாகத்தான் வந்தது.

இந்த நிலையில்தான் அதிகாரசபையின் மதிப்பீடு வந்தது. இரத்தம் சோதிக்க மாட்டார்கள், அதற்கான மருந்தும் டொலராம். அதற்குப் பதிலாக மூங்கில் குழாய் ஒன்று செய்திருந்தார்கள். ஒரு முனையைக் கழுத்தில் வைப்பார்கள், மறு முனையில் மதிப்பீட்டாளர் காதை வைத்துக் கேட்பார். அன்னலட்சுமியின் கழுத்தில் வைத்ததும் அவள் பயத்தில் எச்சில் விழுங்கினாள்.

"முரண்டு பிடிக்கிறது" என்று எழுதினார்.

என் கழுத்தில் நெடுநேரம் கேட்டார். குழாயை மாற்றி வைத்தும் கேட்டார். பிறகு வீரசிங்கத்தைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு சத்தமும் இல்லை" என்றார் வீரசிங்கம். குழாயை இரண்டு கையாலும் மெதுவாகக் கீழே வைத்தார். "இவ்வளவு ஒழுக்கமான சுரப்பியை நான் கண்டதில்லை."

"சேர், அது ஒழுக்கமில்லீங்க, அது..."

"பேசாதேங்கோ, குலைஞ்சு போயிடும். முகத்தைப் பாருங்கோவன், எவ்வளவு நிறைவா வந்திட்டுது! முந்தி ஒட்டிப்போய் இருந்தவ. நாடி மெதுவா இருக்கு, யோகிகளுக்குத்தான் அப்பிடி. குரலும் கனத்திட்டுது. சுரப்பி பேசத் தொடங்கினால் அப்பிடித்தான்."

சாகிறதுக்கான அறிகுறி ஒவ்வொன்றையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டார்கள். மத்திய மலைநாட்டில் நான்தான் முதலிடம். கேள்வி கேட்காத, எதிர்ப்புக் காட்டாத, ஒன்றுமே வேண்டும் என்று சொல்லாத சுரப்பி. அவர்களுக்கு எப்படிப்பட்ட பிரஜை வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கியது. இல்லாதவன்தான் வேண்டும்.

தன்னிறைவு விழா கண்டியில் ஒரு பெரிய மண்டபத்தில், விடிந்த கையோடு நடந்தது. எங்களைப் போன்றவர்களையே பஸ் பஸ்ஸாக ஏற்றிக்கொண்டுவந்து கதிரைகளை நிரப்பினார்கள். ஊதின முகங்கள், கம்பளிச் சால்வைகள், தூக்கக் கண்கள். விருது வாங்குகிறவள் என்று என்னை மேடைக்குப் பக்கத்தில், பிரதம அதிதியின் கதிரைக்கு அருகில் உட்கார வைத்தார்கள். பிரதம அதிதி அதிகாரசபையின் தலைவர் கலாநிதி இராஜரத்தினம். வயதானவர்தான், ஆனால் முகத்தில் ஒரு வீக்கம் இல்லை, படியில் இரண்டு இரண்டாக ஏறி வந்தார். மேளம், மாலை, வெற்றிலை, விளக்கு எல்லாம் முடிந்ததும் பாற்சோறும் டீயும் வந்தன.

மேடையில் எல்லாரும் எடுத்தார்கள். தட்டுத் தலைவரிடம் வந்தது.

"கொஞ்சம் பொறுத்து எடுக்கிறன்" என்றார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

என் உடம்பில் எதுவும் வேகமாக நடக்காத காலம் அது. ஆனால் அந்த ஒன்று மட்டும் வேகமாக நடந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாற்சோற்றைப் பார்த்தார், விழுங்கிக்கொண்டார், மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தார். எத்தனை கல்யாண வீட்டில் நான் பார்த்த பார்வை அது!

அவர் பேச எழும்பினார்.

"அன்பார்ந்த சுரப்பியாளர்களே! குளிசை என்பது என்ன? அது அடிமைத்தனம். அண்மையில் நான் வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள நிபுணர்கள், 'உங்கள் மக்களுக்கு மருந்து இல்லையாமே?' என்று கேட்டார்கள். 'எங்கள் மக்களுக்குக் கழுத்து இருக்கிறது' என்று பதிலளித்தேன். சபையே வாயடைத்துப் போனது. அந்த மௌனத்தைத்தான் நான் இந்த நாட்டுக்கு ஈட்டி வந்திருக்கிறேன். எமது திட்டத்தால் உயிராபத்து என்று சிலர் விமர்சிக்கிறார்கள். இறந்துபோன ஒருவராவது இன்றுவரை எம்மிடம் முறைப்பாடு செய்ததுண்டா? இல்லை! ஆகவே திட்டம் வெற்றி!"

முன்வரிசை அதிகாரிகள் கைதட்டினார்கள். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். பித்தளையில் வார்த்த ஒரு கழுத்து, அதில் உதிக்கிற சூரியன், தூக்கவே கஷ்டமான கனம். தலைவர் அதை என் கையில் கொடுத்து, ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடித்தார். "ஒரு வார்த்தை சொல்லுங்கோ அம்மா. உங்கட சுரப்பி இப்ப என்ன சொல்லுது?"

தாலிக்கயிற்றைத் தள்ளிக் கழுத்துக் கோட்டைக் காட்டினேன். "ஐயா, எனக்குச் சுரப்பி இல்லீங்க. வெட்டி எடுத்தாச்சு" என்றேன். கம்மின குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவர் ஒரு கணம்தான் திகைத்தார். "பார்த்தீர்களா! சுரப்பி இல்லாமலே சுரந்திருக்கிறது! இதைவிட இயற்கை வேறென்ன?"

மறுபடியும் கைதட்டல். இந்த மனுஷனுக்கு முன்னால் என் கழுத்தையே கழற்றி வைத்தாலும் கைதட்டல்தான் வாங்குவார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஒலிவாங்கி இன்னும் என் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"ஐயா, நீங்க டீ எடுக்கலையே. அரை மணித்தியாலம் இன்னும் ஆகலையா?"

தன்னையறியாமல் மணிக்கூட்டைப் பார்த்தார்.

மண்டபம் முழுக்க எங்கள் ஆட்கள். ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அன்னலட்சுமி நடுவிலிருந்து கத்தினாள். "குடிச்சுக் காட்டுங்க ஐயா!"

"குடிக்கலாம்தானே," என்றார் தலைவர். வீரசிங்கம் ஓடிப்போய் டீயைக் கொண்டுவந்து கொடுத்தார். தலைவர் கோப்பையைத் தூக்கினார், உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனார், நிறுத்தினார். "கொஞ்சம் சூடாக இருக்கிறது. அது ஆறும்வரை தன்னிறைவைப் பற்றி மேலும் சில கருத்துகள்..."

பேசினார். ஆறு, குளம், விவசாயம், அரச பரம்பரை, பற்பசை, எல்லாவற்றையும் பேசினார். கையில் கோப்பை. நாங்கள் யாரும் அசையவில்லை. எந்த நேரம் குடிப்பார் என்று அவருக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். டீயில் ஆடை படிந்தது. கடைசியாக ஒரு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. "இதோ!" என்று சொல்லி ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்து, வெறும் கோப்பையைச் சபைக்குத் தூக்கிக் காட்டினார்.

அதிகாரிகள் தட்டினார்கள். எங்கள் ஆட்கள் எழும்பினார்கள். எங்களுக்குக் கோபம் வரவும் நேரமெடுக்கும், எழும்பவும் நேரமெடுக்கும். கதிரையைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, ஒவ்வொருத்தராக எழும்பி, ஒரு சத்தமும் போடாமல் மேடையை நோக்கி நடந்தார்கள். தலைவருக்குப் புரிந்தபோது முதலில் எழும்பியவர்கள் மேடைப் படிக்கு வந்துவிட்டார்கள். அவர் மேடையிலிருந்து பின்பக்கமாகக் குதித்து ஜீப்புக்கு ஓடினார். குளிசை போட்ட மனுஷனால் எப்படி ஓட முடியும் என்று எங்கள் எல்லாருக்கும் காட்டிவிட்டுத்தான் போனார்.

அத்தோடு அதிகாரசபையை இழுத்து மூடியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். தலைவர் அன்று காலை போட்டது வெறும் விட்டமின் குளிசை என்று அறிக்கை வந்தது. அவரை இதைவிடப் பெரிய ஓர் அதிகாரசபைக்குத் தலைவராகப் போட்டார்கள். பயனாளிகள் யாருடைய உதவியுமின்றித் தாமாகவே எழுந்து நின்றது சுரப்பி எழுச்சியின் வரலாற்று வெற்றி என்று பத்திரிகையில் படத்தோடு போட்டிருந்தார்கள். மகாவலிக் கரையில் மேளம் நிற்கவில்லை.

பித்தளைக் கழுத்தை நான் லோண்டரியில் வைத்திருந்தேன். பாவாடை மடிப்புகளுக்கு மேல் பாரம் வைக்க அதைப்போல் ஒன்று கிடைக்காது. ஒரு நாள் வீரசிங்கம் வேர்த்து வழிய லோண்டரிக்கு வந்தார்.

"அம்மா, அந்த விருதை ஒருக்காத் தரவேணும். கணக்காய்வில பிடிபட்டிட்டுது. சுரப்பி இல்லாத ஆளுக்கு எழுச்சி விருது குடுத்தது எப்பிடி எண்டு கேக்கிறாங்கள். என்ர பென்சனில கை வைப்பாங்கள்."

"அப்ப எனக்குச் சுரப்பி இல்லைன்னு தெரிஞ்சிருச்சா சேர்?"

"ஓம், தெளிவாத் தெரியுது."

"அத எழுதிக் குடுங்க."

"எழுதலாம்... ஆனால் சுரப்பியை நேரில காணாமல்..."

"அப்ப விருது இங்கேயே இருக்கட்டும். சுரப்பி இருக்குன்னே கணக்காய்வுக்குச் சொல்லுங்க. நான் வேணா வந்து மூங்கில் கொழாய்ல ஊதிக் காட்டுறேன்."

அஸ்ஃபர் நானா அயன் மேசையிலிருந்த விரிப்பை ஒதுக்கி இடம் செய்து கொடுத்தார். வீரசிங்கம் அங்கேயே நின்று எழுதி, பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். மேற்படி பெண்ணிடம் சுரப்பி இல்லை. அத்தனை மாதம் நான் கெஞ்சியபோது வராத வார்த்தை, ஒரு பித்தளைத் துண்டுக்காக வந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கி அணைத்துக்கொண்டு த்ரீவீலரில் ஏறிப் போனார்.

ஜஹானா கடிதத்திலிருந்த முத்திரையைப் பார்த்தாள். அலுமாரியைத் திறந்து குளிசையை எடுத்துக் கையில் வைத்தாள். கொஞ்ச நாளில் சுவெட்டர் தேவைப்படவில்லை. அயன் பெட்டி மறுபடியும் என் கைக்கு வந்தது.

ஒரு காலையில் நான் குளிசையை விழுங்கிவிட்டு லோண்டரி வாசலில் டீக்குக் காத்திருந்தேன். அன்னலட்சுமி பாலத்துப் பக்கமிருந்து வந்தாள். வகுப்பு முடிந்து வருகிறாள், கழுத்தில் எண்ணெய் மினுங்கியது. வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். முகத்தில் கண் இருக்கிற இடம் தேட வேண்டியிருந்தது. கொழுந்து பறிக்க முடியாமல் போனதால் தோட்டத்தில் பேரை வெட்டி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றாள். வாய் மட்டும் பேசிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இப்போது அதுவும் வரவில்லை, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"எங்கிட்ட இருக்குறதுல பாதிய நீ எடுத்துக்க" என்றேன்.

"வேணாங்கக்கா. பாதியில நீங்களும் விழுவீங்க, நானும் விழுவேன்." கொஞ்ச நேரம் என் கழுத்துக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்லைன்னு கடுதாசி இருந்தாத் தர்றாங்கதானே. எனக்குத்தான் இந்தச் சனியன் இருந்து தொலைக்குது."

டீ வந்தது. நேரமும் ஆகியிருந்தது. நான் கோப்பையைத் தொடவில்லை.

"அக்கா, ஒங்களுக்கு வெட்டுன டொக்டரு இன்னும் அங்கதான் இருக்காரா? எனக்கும் வெட்டி விடச் சொல்லிக் கேட்டுப் பாப்பமா? இந்தத் தடவ மறக்காம, வெட்டுனத போத்தல்ல போட்டு வாங்கிக்குவோம்."